ஊசியிலிருந்து இணையம் வரை: தமிழ்நாட்டு வீடுகளில் ஒலித் தரத்தின் வரலாறு

வீட்டில் கேட்கும் பாட்டின் தரத்தை ஐந்து படிகள் தீர்மானிக்கின்றன: பாட்டு பதிவான விதம், அதைச் சுமந்து வரும் தட்டு, நாடா, அலை அல்லது கோப்பு, அதை ஒலியாக்கும் கருவி, அந்தக் கருவிக்குக் கிடைக்கும் மின்சாரம், கேட்பவர் உட்கார்ந்திருக்கும் அறை. இந்த ஐந்தில் எது மிகவும் குறைபட்டதோ, அதைத் தாண்டி மற்றவற்றின் சிறப்பு காதுக்கு எட்டாது. தமிழ்நாட்டுக்கு இசைத்தட்டு வந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இன்று வரை அந்தக் குறை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பதிவிலும் சுமந்து வருவதிலும் இருந்த குறைகள் பெரும்பாலும் தீர்ந்துவிட்ட இன்றைய இணையவழி இசைக் காலத்தில், அது வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது.

இந்த மாற்றத்தைத் தொடர்ந்து பார்க்க அத்திப்பட்டு ஏற்ற இடம். சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கும்மிடிப்பூண்டி மின்ரயில் பாதையில், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையில் இருக்கிறது இந்த ஊர். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. விவசாயமும் மீன்பிடிப்பும் உப்பளமும் சூழ்ந்திருந்த இப்பகுதி, 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும் 2001இல் எண்ணூர் துறைமுகமும் வந்தபின் தொழிற்பகுதியாக மாறியது. பாட்டுப் பெட்டிகளும் தட்டுகளும் சென்னைக் கடைகளிலிருந்து ரயிலேறி வந்தன. மாநிலத்தின் மின்சாரத்தில் ஒரு பங்கு இங்கிருந்து புறப்பட்டது. ஒலித் தரத்தைத் தீர்மானிக்கும் பல காரணங்கள் ஒன்றுசேரும் ஊர் இது.

தட்டும் ஊசியும்

1877இல் எடிசன் ஒலியைப் பதிவுசெய்து திரும்பக் கேட்கும் கருவியை உருவாக்கினார். 1887இல் எமில் பெர்லினர் உருளைக்குப் பதிலாகத் தட்டைப் பயன்படுத்தும் கிராமபோனைக் கொண்டுவந்தார். இந்தியாவில் 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் நடத்திய பதிவுகளில் கௌஹர் ஜான் பாடினார். சில ஆண்டுகளுக்குள் சென்னையிலும் பதிவுகள் நடந்தன. 1917இல் மறைந்த கோயம்புத்தூர் தாயி இந்த முதல் தலைமுறைத் தட்டுகளில் குரலைப் பதித்தவர்களுள் ஒருவர்.

அன்றைய குறை பதிவிலேயே இருந்தது. 1925 வரை மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய கூம்பின் வாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். அந்தக் காற்றதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் பள்ளம் கீறியது. சுமார் 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் இதில் ஓரளவு ஒழுங்காகப் பதிந்தது. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. எனவே மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து நாதமும் தம்புராவின் கார்வையும் அந்தத் தட்டுகளில் ஏறக்குறைய இல்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம் என்பதால் ஆலாபனையும் நிரவலும் சுருங்கின.

1925இல் மைக்கும் மின்பெருக்கியும் பதிவுக்கூடத்துக்குள் வந்தன. பதிவாகும் எல்லை சுமார் 60 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், 1926இல் சிறுமியாகத் தன் முதல் தட்டைப் பாடிய எம்.எஸ். சுப்புலட்சுமி ஆகியோரின் புகழை வீடுகளுக்குக் கொண்டுசென்றது இந்தக் காலத்து இசைத்தட்டுதான். சென்னையில் ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்த் தட்டுகளை வெளியிட்டது.

வீட்டில் குறை ஊசியிலும் சாவியிலும் இருந்தது. எஃகு ஊசியை ஒரு பக்கம் கேட்டதும் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. மழுங்கிய ஊசி, அரக்கால் செய்த தட்டின் பள்ளத்தைத் தேய்த்து, அடுத்த முறை கேட்கும்போது கரகரப்பைக் கூட்டியது. சிக்கனம் கருதிப் பழைய ஊசியையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திய வீடுகளில் தட்டுகள் சீக்கிரம் கெட்டன. சாவி கொடுத்த சுருள்வில் தளரும்போது வேகம் குறைந்து சுருதி இறங்கியது. ஊசியை மாற்றுவதும், சாவியை முழுதாகக் கொடுப்பதும், தட்டைத் துடைத்து உறையில் வைப்பதும்தான் தமிழ்நாட்டு வீடுகள் ஒலித் தரத்துக்காக முதன்முதலில் கற்ற பழக்கங்கள்.

அலைவழி வந்த பாட்டு

சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அது நின்றபின் 1930இல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்றது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட்டது. தட்டு வாங்க வசதியில்லாதவர்களும் பஞ்சாயத்து ரேடியோவிலும் டீக்கடையிலும் பாட்டுக் கேட்க வழி பிறந்தது.

வானொலியில் குறை அலையில் இருந்தது. மத்திய அலையில் ஒலியின் மேல் எல்லை சுமார் 5,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இடி, மோட்டார், உயர் அழுத்த மின்கம்பி ஆகிய அனைத்தும் அதில் இரைச்சலாக நுழையும். சிற்றலையில் இன்னொரு சிக்கல். வானின் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை கூடுவதும் குறைவதுமாக இருப்பதால் பாட்டு அருகே வந்து விலகிப் போவதுபோல் கேட்கும். ஆனாலும் 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகியபோது, தமிழ்நாடு இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியது. விருப்பமான பாட்டுக்காக இரைச்சலைப் பொறுத்துக்கொண்டது அந்தத் தலைமுறை. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

கூரைமேல் நீளமான கம்பியைக் கட்டி ஏரியல் அமைப்பதும், மண்ணில் குழாய் அடித்து எர்த் கொடுப்பதும் அக்காலத்து ஒலித் தர முயற்சிகள். மின்சாரம் எட்டாத ஊர்களில் பெரிய உலர் மின்கலங்களில் வால்வு ரேடியோ ஓடியது. 1960களில் டிரான்சிஸ்டர் பரவியபின் ரேடியோ வயலுக்கும் படகுக்கும் போனது. ஆனால் அதன் உள்ளங்கையளவு ஸ்பீக்கர், மரப்பெட்டி ரேடியோவின் கனத்த ஒலியைத் தரவில்லை. வசதி கூடும்போது தரம் ஒரு படி இறங்குவது இந்த வரலாற்றில் அடிக்கடி நிகழும் ஒன்று. இது அதன் முதல் எடுத்துக்காட்டு.

1977 ஜூலை 23 அன்று நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. எஃப்.எம். 15,000 ஹெர்ட்ஸ் வரை சுமக்கும். மின்னல், மோட்டார் இரைச்சல் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. உயர் அழுத்தக் கம்பிகள் பின்னிக்கிடக்கும் அத்திப்பட்டு போன்ற இடத்தில் இந்த வேறுபாடு பெரிது. ஆனால் எஃப்.எம். உள்ள செட்டுகள் வெகுநாள் வரை குறைவு. 2003இல் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சென்னைக்கு வந்தபின்தான் அது வீடுதோறும் ஒலித்தது.

நீள் தட்டும் மின்சாரத்தின் துடிப்பும்

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடியது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. அரக்குக்குப் பதில் வினைல் வந்ததால் கரகரப்பு வெகுவாகக் குறைந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் எல்.பி.யாக வெளிவந்து, தமிழ்நாட்டின் விடியற்கால ஒலியாகவே ஆனது. இளையராஜாவின் இசையில் 1978இல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள், ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்த் திரைப்பாடல்களாகப் பேசப்படுகின்றன.

பதிவும் தட்டும் தேறிவிட்டதால் குறை கருவிக்கு நகர்ந்தது. எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டி ரெக்கார்ட் பிளேயர்கள்தான் பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியாயின. அவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ் பள்ளத்தின்மேல் கனமாக அழுந்தியது. கீறல் விழுந்த இடத்தில் ஊசி தாவினால் அதன் தலைமேல் ஒரு காசை வைப்பது வழக்கமானது. தாவல் நின்றது, ஆனால் கூடுதல் எடையால் பள்ளத்தின் சுவர்கள் தேய்ந்து, உச்ச ஒலிகள் மங்கின.

மின்சாரத்தின் பங்கு வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கியதும் இக்கட்டத்தில்தான். பல ரெக்கார்ட் பிளேயர்களின் மோட்டார் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. இந்தியாவில் அது வினாடிக்கு 50 துடிப்பு இருக்க வேண்டும். தேவைக்கு ஏற்ற உற்பத்தி இல்லாத ஆண்டுகளில் தென்மண்டல மின்தொகுப்பில் அது அடிக்கடி இறங்கியது. 48 துடிப்புக்கு இறங்கினால் தட்டின் வேகம் 4 சதவீதம் குறையும். அப்போது 5 கட்டைச் சுருதியில் பாடிய பாட்டு நாலரைக் கட்டைக்குச் சற்று மேலேதான் ஒலிக்கும். வீட்டிலிருந்த ஆர்மோனியத்தோடு சேர்த்துப் பாட முயன்றவர்களுக்குத் தட்டின் சுருதி சேராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நிலை மாற மூன்று மாற்றங்கள் உதவின. முதலாவது, உற்பத்தி பெருகியது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் தலா 210 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் 1994க்கும் 1996க்கும் இடையில் இயங்கத் தொடங்கின. பின்னர் தலா 600 மெகாவாட்டில் இரண்டு அலகுகள் சேர்ந்தன. இரண்டாவது, அதிர்வெண்ணைக் குலைக்கும் மாநிலங்கள் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்ற கட்டண முறை 2003இல் தென்மண்டலத்துக்கு வந்தது. மூன்றாவது, 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலத் தொகுப்பு நாட்டின் பெரிய தொகுப்போடு ஒத்திசைந்து இணைந்தது. இன்று அதிர்வெண் 50ஐ ஒட்டியே நிற்கிறது.

மின்நிலையத்தின் மதிலை ஒட்டிய வீட்டுக்கும் தனிச் சலுகை கிடையாது. அங்கே பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் ஏறித் தொகுப்புக்குள் போய், துணைமின் நிலையங்கள் வழியாக இறங்கி, தெருமுனை டிரான்ஸ்பார்மரைக் கடந்துதான் வீட்டுக்கு வருகிறது. அந்தக் கடைசித் தெருவின் கம்பியும் சுமையும்தான் வீட்டு வோல்டேஜைத் தீர்மானிக்கின்றன. மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் ரேடியோவுக்கும் டிவிக்கும் ஸ்டெபிலைசர் வைத்தது இதனால்தான்.

கேசட்டும் பானை ஸ்பீக்கரும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட் 1980களில் தமிழ்நாட்டை ஆட்கொண்டது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன் செட்டுகள் அதற்கு வழிவகுத்தன. எக்கோ, சங்கீதா போன்ற நிறுவனங்களின் கேசட்டுகள் சிற்றூர்க் கடைகளிலும் தொங்கின. கூடவே ரெக்கார்டிங் சென்டர் என்ற புதுத் தொழில் பிறந்தது. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதி, டிடிகே அல்லது சோனி வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், இரண்டொரு நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிடமா 90 நிமிடமா, சாதா நாடாவா குரோம் நாடாவா, எல்.பி.யிலிருந்து நேராக எடுத்ததா அல்லது கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுத்ததா என்றெல்லாம் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள் உருவானார்கள். மூலம் எது என்று கேட்கும் அந்தப் பழக்கம் ஒலித் தரத்தின் அடிப்படைப் பாடம்.

கேசட்டின் குறை அதன் வேகத்தில் இருந்தது. நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அகலமோ நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு குறைந்த இடத்தில் பதிந்த ஒலியில் ‘ஸ்ஸ்’ என்ற நாடா இரைச்சல் எப்போதும் இருந்தது. அதை அடக்கவே டால்பி முறை வந்தது. விற்பனைக் கேசட்டுகளை அதிவேகத்தில் நகலெடுத்ததால் உச்ச ஒலிகள் மேலும் குன்றின. பெல்ட் தளர்ந்தால் குரல் நடுங்கியது; ஹெட்டின் கோணம் நூலிழை விலகினாலும் பாட்டு கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் அமுங்கியது. உப்புக் காற்றும் நிலக்கரித் தூசியும் உள்ள அத்திப்பட்டு, எண்ணூர்ப் பகுதியில் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பது அடிக்கடி செய்ய வேண்டிய வேலை.

ஸ்பீக்கர் பற்றிய அறிவு மக்களிடையே பரவியதும் இக்காலத்தில்தான். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட்காரர் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வெகுதூரம் கேட்டது. ஆனால் அதில் கீழ்ஒலி கிடையாது. வீட்டில் கீழ்ஒலி வேண்டிய இளைஞர்கள், வெறும் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்தார்கள். ஸ்பீக்கரின் முன்பக்கம் தள்ளும் காற்றைப் பின்பக்கம் உறிஞ்சிக்கொள்வதால் வெறும் ஸ்பீக்கரில் கீழ்ஒலி ரத்தாகிறது. பானை பின்பக்கத்தை அடைத்துவிடுகிறது. பானைக்குள் இருக்கும் காற்றும் தனக்கென ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து ‘தும்’ என்ற ஒலியைக் கூட்டுகிறது. எல்லாச் சுரத்தையும் சமமாகத் தராமல் ஒன்றையே பெருக்குவதால் அது துல்லியமான ஒலி ஆகாது. ஆனால் ஸ்பீக்கருக்குப் பெட்டி ஏன் தேவை என்பதை அந்தத் தலைமுறை பாடநூல் இல்லாமலே தெரிந்துகொண்டது.

ஆம்ப்ளிஃபயரும் வீட்டுக் கைத்தொழிலானது. சென்னை ரிச்சி தெருவில் எல்.ஏ.4440 ஐ.சி. போர்டும் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் வாங்கி, தகரப்பெட்டியில் பூட்டி, ஊரூராக ஆம்ப் தயாரானது. அந்த ஐ.சி.யின் உண்மைத் திறன் இரு பக்கமும் தலா 6 வாட். இரண்டையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 19 வாட். அதே காலத்துக் கடைச் செட்டுகளின் முகப்பில் பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் நூற்றுக்கணக்கான வாட் அச்சாகியிருந்தது. ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்சத்தைக் கூட்டிக் காட்டிய அந்த எண் பொருளற்றது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் மட்டுமே கருவியின் அளவுகோல் என்பது இன்றும் மாறவில்லை.

எண்ணாக மாறிய ஒலி

1982இல் வந்த சி.டி., சுமந்து வரும் படியில் இருந்த குறையை ஏறக்குறைய முழுதாகத் தீர்த்தது. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுவது அதன் முறை. இதனால் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது மனிதக் காதின் எல்லை வரை, ஒலி சிதையாமல் கிடைக்கிறது. இரைச்சல் கேட்காத அளவுக்கு இறங்கியது. எத்தனை முறை கேட்டாலும் தேய்வில்லை. 1992இல் ‘ரோஜா’வோடு திரையிசைக்கு வந்த ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூடத்தில், ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் போன்றோரின் உழைப்பில் உருவான பாடல்கள், நல்ல ஸ்பீக்கரில் கேட்டால்தான் முழுதாகத் தெரியும் ஒலி நுணுக்கங்களைத் தமிழ்ப் பாட்டுக்குக் கொண்டுவந்தன.

சி.டி. பரவி முடிவதற்குள் எம்.பி.3 வந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோபர் ஆய்வகத்தின் பங்களிப்போடு 1990களின் தொடக்கத்தில் தரப்படுத்தப்பட்ட இந்த முறை, காது கவனிக்காத ஒலிகளைக் கணக்கிட்டு நீக்கிவிடுகிறது. சி.டி.யில் வினாடிக்கு 1,411 கிலோபிட் தேவைப்பட்ட பாட்டு, 128 கிலோபிட்டில் அடங்கியது. 700 மெகாபைட் தட்டு ஒன்றில் ஐந்து நிமிடப் பாடல்கள் ஏறக்குறைய 145 பதியும். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் ஒரே நடிகரின் எல்லாப் பாடல்களும் ஒரே தட்டில் கிடைத்தன.

வசதி கூடியது, தரம் மீண்டும் இறங்கியது. 128 கிலோபிட்டில் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பொதுவாக வெட்டப்படுகிறது. கடம், கஞ்சிரா, மிருதங்கத்தின் வலந்தலை போன்ற ‘டக்’கென்று எழும் ஒலிகளுக்கு முன்னால் ஒரு மெல்லிய கலக்கம் சேர்கிறது. தம்புராவின் ரீங்காரத்தில் அடுக்கடுக்காக எழும் மேல் ஒலிகள் நீர்த்துப்போகின்றன. கேசட்டிலிருந்து எடுத்த பாட்டை எம்.பி.3 ஆக்கி, அதை மறுபடி சுருக்கிப் பதிந்த தட்டுகளில் இரண்டு காலத்துக் குறைகளும் சேர்ந்தே இருந்தன. ஒருமுறை போன ஒலியைப் பின்னால் எந்த உயர்தரக் கோப்பும் திருப்பித் தராது.

இணையவழி இசை

2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை வினாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. அந்த வேகத்தில் நல்ல தரப் பாட்டைத் தடையின்றிக் கேட்க முடியாது. சாவன், கானா போன்ற சேவைகள் தொடங்கிய ஆண்டுகளில் குறை மறுபடியும் சுமந்து வரும் படியில், அதாவது இணைய வேகத்தில் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோவின் 4ஜி வந்தபின் டேட்டா விலை வீழ்ந்து அந்தத் தடை நீங்கியது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் எதையும் நீக்காத லாஸ்லெஸ் கோப்புகளைக் கூடுதல் கட்டணமின்றித் தரத் தொடங்கியது. கேசட் கடையில் தமிழும் தெலுங்கும் மட்டும் கிடைத்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில், ஒடிசாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தங்கள் மொழிப் பாட்டை அதே தரத்தில் கேட்கிறார்கள்.

வினாடிக்கு 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 144 மெகாபைட் செலவாகும். இன்றைய வீட்டு ஃபைபர் இணைப்புக்கு இது மிகச் சிறிய சுமை. இருந்தும் பல போன்களில் தரத் தேர்வு ‘தானியங்கி’ என்ற இடத்திலேயே கிடக்கிறது. சிக்னல் குறைந்தால் செயலி தானாகவே தரத்தை இறக்கிவிடும். வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தனித்தனியே உயர்தரத்தைத் தேர்ந்தெடுப்பதும், அடிக்கடி கேட்பதைப் பதிவிறக்கி வைப்பதும் செலவில்லாத முதல் சீர்திருத்தம். 128 கிலோபிட்டுக்கும் 320க்கும் உள்ள வேறுபாடு நல்ல ஸ்பீக்கரில் தெரியும். 320க்கும் லாஸ்லெஸுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெயர் தெரியாமல் ஒப்பிட்டுக் கேட்கும்போது கண்டுபிடிப்பது பலருக்கும் கடினம்.

மூலத்தைப் பார்ப்பதும் தேவை. 1950, 60களின் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை. அவற்றுக்குச் செயற்கை ஸ்டீரியோவும் எதிரொலியும் சேர்த்துப் பதிவேற்றிய பிரதிகளைவிட, உரிமையுள்ள நிறுவனம் மூலநாடாவிலிருந்து வெளியிட்ட மோனோ பிரதியே தெளிவானது. 78 சுற்றுத் தட்டுகளை எண்ணாக்கும்போது பொருத்தமான தடித்த ஊசியும் சரியான வேகமும் வேண்டும். இல்லாவிட்டால் பாடகரின் சுருதியே மாறிவிடும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய தட்டுகளைப் பாதுகாக்கும் பணி இதனாலேயே மதிப்புமிக்கது.

இணையக் கம்பி பற்றிய ஒரு நம்பிக்கையும் இங்கே தெளிவுபட வேண்டும். இணையத்தில் வரும் பாட்டு முதலில் கருவியின் நினைவகத்தில் சேர்ந்து, பிறகே ஒலியாகிறது. இணைப்பு மோசமானால் பாட்டு நிற்கும் அல்லது தரம் ஒரு படி இறங்கும். ஒலியின் நிறம் மாறாது. அதனால் விலையுயர்ந்த லேன் கேபிளால் பாட்டு இனிமையாகாது. புளூடூத்தின் நிலை வேறு. ஏற்கெனவே சுருக்கிய பாட்டை அது மறுபடி சுருக்கி அனுப்புகிறது. எல்லாக் கருவியிலும் உள்ள எஸ்.பி.சி. முறையைவிட ஏ.ஏ.சி., ஆப்டெக்ஸ், எல்டாக் ஆகியவை மேல். கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ அனுப்புவது அவற்றினும் மேல். போன்களில் இயர்போன் துளை மறைந்துவரும் நிலையில், யு.எஸ்.பி.யில் பொருத்தும் சிறிய டாக் அந்தக் குறையைக் குறைந்த செலவில் தீர்க்கிறது. எண்ணை மின்னலையாக மாற்றுவது இதன் வேலை.

மின்சாரமும் அறையும்

2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு வீடுதோறும் இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் ஃபேன் உறுமுவதைப்போலவே ஆம்ப்ளிஃபயரும் உறுமும். தூய சைன் அலை இன்வெர்ட்டரில் அந்த உறுமல் இல்லை. சாதாரண நேரத்திலும் ‘ம்ம்ம்’ என்று கேட்டால் பெரும்பாலும் காரணம் எர்த். டிவி ஒரு பிளக்கிலும் ஆம்ப் இன்னொரு பிளக்கிலும் இருந்து, இரண்டின் எர்த்துக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தால், அது சிக்னல் கம்பி வழியாக 50 ஹெர்ட்ஸ் ஒலியாக நுழையும். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டில் இணைத்து, மூன்று முனை பிளக்கை முறையாக எர்த் செய்தால் அது தீரும். எர்த் முனையை வெட்டிவிடுவது உயிருக்கு ஆபத்து. கடலோரத்தில் பிளக்குகளும் ஜாக்குகளும் களிம்பேறுவதால், சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றித் துடைப்பது கரகரப்பைப் போக்கும். ஈரக்காற்றில் ஸ்பீக்கரின் ஃபோம் விளிம்பு உதிர்ந்துபோகும். ரப்பர் விளிம்பு நீடித்து உழைக்கும்.

கடைசிப் படியான அறைதான் இன்று மிகவும் புறக்கணிக்கப்பட்டது. ஓலைக்கூரை ஒலியை உறிஞ்சும். டைல்ஸ் தரையும், பூசிய சுவரும், கான்கிரீட் கூரையும் உள்ள இன்றைய அறை ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பாட்டின் சொற்கள் ஒன்றோடொன்று கலங்குகின்றன. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3 மீட்டர் இருந்தால் சுமார் 57 ஹெர்ட்ஸிலும், 4 மீட்டர் இருந்தால் சுமார் 43 ஹெர்ட்ஸிலும் ஒலி நிலைகொண்டு பெருகும். அதனால் ஓரிடத்தில் கீழ்ஒலி திமிறும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். ஸ்பீக்கரை மூலையில் சொருகினால் இது மோசமாகும்.

மருந்து கைக்கெட்டும் பொருள்களில் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு எதிரே கனத்த துணித்திரை, தரையில் ஜமுக்காளம் அல்லது கோரைப்பாய், பக்கச் சுவரில் புத்தக அலமாரி ஆகியவை எதிரொலியை அடக்கும். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சம முக்கோணமாக அமைவதும், ஸ்பீக்கரின் உச்சஒலிக் கூம்பு காது உயரத்தில் இருப்பதும், பின்சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைப்பதும் ஸ்டீரியோவைத் திறக்கும். மெல்லிய டிவியின் பின்புறம் பார்த்த ஸ்பீக்கரைவிட, சாதாரணமான இரண்டு பெட்டி ஸ்பீக்கர்கள் இப்படி வைத்தால் மேலான ஒலியைத் தரும். மின்விசிறியை ஒரு படி குறைப்பதும் ஒலித் தர உயர்வுதான். மெல்லிய ஒலிகள் அதன் இரைச்சலுக்குக் கீழே மறைந்துபோகின்றன.

எனவே இணையவழி இசையின் தரத்தை உயர்த்த விரும்பும் வீட்டுக்கு இந்த வரலாறு ஒரு வரிசையைத் தருகிறது. முதலில் நல்ல மூலப் பிரதியைத் தேர்வது. அடுத்துச் செயலியின் தர அமைப்பை உயர்த்துவது. பிறகு ஸ்பீக்கரையும் அறையையும் ஒழுங்குபடுத்துவது. எர்த்தும் இன்வெர்ட்டரும் சரியா என்று பார்ப்பது. புளூடூத்துக்குப் பதில் கம்பியையோ வைஃபையையோ பயன்படுத்துவது. புதிய ஸ்பீக்கர், ஆம்ப், டாக் ஆகியவற்றுக்கான செலவு இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும். அதிலும் ஸ்பீக்கருக்கே முதலிடம். எந்தப் படியில் குறை இருக்கிறது என்று கண்டறிந்து அங்கே செய்யும் சிறு செலவு, மற்ற படிகளில் செய்யும் பெருஞ்செலவைவிடப் பயன்தரும்.